கவர்னரைச் சிறைபிடித்த கவுன்சில்: சென்னை, 1776

1776ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் மாலை, செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னரான ஜார்ஜ் பிகட் பிரபு, கோட்டையிலிருந்து தம்முடைய தோட்ட வீட்டுக்குக் குதிரை வண்டியில் புறப்பட்டார். உடன் அமர்ந்திருந்தவர் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அன்று காலை உணவையும் பகல் உணவையும் அவர் கவர்னரோடுதான் உண்டிருந்தார். இன்று தீவுத்திடல் என்று நாம் அழைக்கும் இடத்தில், இரு பாலங்களுக்கு இடைப்பட்ட சாலையில், எடிங்டன் என்ற அதிகாரி சிப்பாய்களுடன் வந்து வண்டியை மறித்தார். கவர்னர் கீழே இறக்கப்பட்டு, அருகில் தயாராக நிறுத்தப்பட்டிருந்த வேறொரு வண்டியில் ஏற்றப்பட்டுப் பரங்கிமலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்த இரண்டாவது வண்டி பால் பென்ஃபீல்டு என்ற கிழக்கிந்தியக் கும்பினி ஊழியருக்குச் சொந்தமானது. கவர்னருக்கும் கவுன்சிலுக்கும் மூண்ட சண்டையின் வேர் அந்தப் பென்ஃபீல்டின் கடன் பத்திரங்களில் இருந்தது என்பதைக் கவனத்தில் கொண்டால், வண்டியின் உரிமையாளர் யார் என்பது சிறு விவரமாகத் தோன்றாது.

காலனி ஆட்சியில் ஒரு கவர்னரின் அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சட்டநூல்களின் வாசகங்களைவிட இந்த நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. இதில் இரு தரப்பினரும் தாங்களே சட்டப்படியான அரசு என்று நம்பினார்கள் அல்லது நம்புவதாகச் சொன்னார்கள். இரு தரப்பினரும் சட்டத்தை மீறினார்கள். அவர்களுக்கு இடையே தீர்ப்புச் சொல்லக்கூடிய அதிகாரம் ஆறு மாதக் கப்பல் பயணத் தொலைவில் இருந்தது.

பதவியின் தன்மை

கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைக் கவர்னர் தனியொருவராக ஆளும் உரிமை பெற்றவர் அல்லர். அவருடைய முழுப் பதவிப்பெயரே ‘பிரசிடென்ட் மற்றும் கவர்னர்’ என்பதுதான். பிரசிடென்ட் என்ற முறையில் அவர் கவுன்சிலின் தலைவர்; வாக்கு சமமாகப் பிரிந்தால் அவருக்குக் கூடுதலாக ஒரு வாக்கு உண்டு. கவர்னர் என்ற முறையில் அவர் கோட்டைக்கும் அதன் காவற்படைக்கும் தலைவர். வருவாய், வணிகம், படை நகர்வு, ஆர்க்காட்டு நவாபுடனும் மைசூருடனும் நடக்கும் கடிதப் போக்குவரத்து ஆகிய அனைத்தும் கவுன்சிலின் முன் வைக்கப்பட்டு, பெரும்பான்மை வாக்கால் முடிவாகி, ‘கவர்னரும் கவுன்சிலும்’ என்ற கூட்டுப் பெயரில் ஆணைகளாக வெளிவர வேண்டும். லண்டனில் இருந்த இயக்குநர் அவையின் கட்டளைகளை நிறைவேற்றுவதே அவர்கள் அனைவரின் பொதுக் கடமை.

இந்த ஏற்பாட்டில் ஓர் இடைவெளி இருந்தது. பெரும்பான்மை ஒன்றை விரும்பி, கவர்னர் அதை வாக்கெடுப்புக்கு விடவே மறுத்துவிட்டால் என்ன செய்வது? கவர்னரின் கையொப்பம் இல்லாத ஆணை அரசாணை ஆகுமா? இக்கேள்விகளுக்கு எழுத்தில் விடை இல்லை. கவர்னர்கள் பெரும்பாலும் வளைந்துகொடுத்தார்கள், அல்லது பெரும்பான்மையை வசப்படுத்திக்கொண்டார்கள் என்பதால், எழுத்தில் விடை இல்லாதது பல காலம் ஒரு குறையாகவே தெரியவில்லை. 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ், கிளாவரிங், மான்சன், பிரான்சிஸ் ஆகிய மூவரின் பெரும்பான்மைக்கு எதிரில் வாக்குகளில் தொடர்ந்து தோற்று, ஆனாலும் பதவியில் ஒட்டிக்கொண்டிருந்தது இதே காலத்தில்தான். பிகட் ஹேஸ்டிங்ஸ் அல்லர்; தோற்று அமர்ந்திருக்கும் பொறுமை அவருக்கு வாய்க்கவில்லை.

அவர் ஏற்கெனவே 1755 முதல் 1763 வரை இதே கோட்டையில் கவர்னராக இருந்தவர். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்த புகழும், அதன்பின் அயர்லாந்துப் பிரபுப் பட்டமும், பெருஞ்செல்வமும் அவருக்கு இருந்தன. 1775 டிசம்பரில் இரண்டாம் முறை சென்னையில் இறங்கியபோது, தாம் விட்டுச்சென்ற கவுன்சில் அப்படியே இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, சேப்பாக்கத்தில் குடியேறி, கோட்டையின் ஆங்கிலேயர்களில் பலரிடம் வட்டிக்குக் கடன் பெற்று, அவர்களைத் தமக்குக் கடன் கொடுத்தவர்களாக ஆக்கியிருந்தார். கடன் கொடுத்தவனுக்குக் கடன் வாங்கியவன் வீழாமல் இருக்க வேண்டும் என்ற அக்கறை தானாகவே வந்துவிடும். நவாபின் நலனும் கவுன்சிலர்களின் நலனும் இப்படித்தான் ஒன்றாயின.

தஞ்சாவூர் விளைச்சல் யாருடையது?

1773 செப்டம்பரில் கும்பினியின் படை நவாபுக்காகத் தஞ்சாவூரைக் கைப்பற்றியது. மராட்டிய அரசர் துளஜா சிறைப்பட்டார். இந்தச் செயலை லண்டன் இயக்குநர்கள் ஏற்கவில்லை. துளஜாவுக்கு நாட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று 1775இல் அவர்கள் அனுப்பிய கட்டளையை நிறைவேற்றுவதே பிகட்டுக்கு இடப்பட்ட முதன்மையான பணி. அவர் நேரில் தஞ்சாவூர் சென்று, 1776 ஏப்ரல் 11 அன்று துளஜாவை மீண்டும் அரசராக அறிவித்தார். கும்பினிப் படை தஞ்சாவூரில் தங்குவதற்கும், அதன் செலவுக்காக ஆண்டுக்கு நான்கு லட்சம் வராகன் கொடுப்பதற்கும் அரசர் இசைந்தார்.

இந்த இடத்தில்தான் பென்ஃபீல்டு வருகிறார். கும்பினியின் கீழ்நிலை ஊழியர். மாதச் சம்பளம் சில நூறு ரூபாய். அப்படிப்பட்டவர், நவாபுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் இங்கிலாந்துப் பவுனுக்கு மேல் கடன் கொடுத்திருப்பதாகவும், அதற்கு ஈடாகத் தஞ்சாவூர் வருவாயை நவாப் எழுதிக்கொடுத்திருப்பதாகவும், அது போகத் தஞ்சாவூர்ச் சீமையின் குடிகளுக்கு அந்த ஆண்டு விளைச்சலின் பேரில் எழுபதாயிரம் பவுனுக்கு மேல் கொடுத்திருப்பதாகவும் கவுன்சிலின் முன் கோரிக்கை வைத்தார். ஆகமொத்தம் இரண்டேகால் லட்சம் பவுனுக்கும் மேற்பட்ட தொகை. இவ்வளவு பணம் அவரிடம் எப்படி வந்தது என்பதற்கு நம்பத்தகுந்த விளக்கம் அன்றும் கிடைக்கவில்லை. அவருடைய பெயரில் வேறு பலரின் பணமும் இருந்தது என்ற ஐயம் அக்காலத்திலேயே எழுந்தது.

கோரிக்கையின் சட்ட அடிப்படை இதுதான்: நாடு நவாபின் கையில் இருந்தபோது விதைக்கப்பட்ட பயிரின் அரசுப் பங்கு, அதாவது மேல்வாரம், நவாபுக்கே உரியது, எனவே அதை அடமானம் வைக்கவும் அவருக்கு உரிமை உண்டு, எனவே பென்ஃபீல்டுக்கு அதை வசூலிக்க உரிமை உண்டு. பிகட்டின் வாதம் நேர் எதிரானது: நாட்டைத் திருப்பித் தருவது என்றால் அதன் வருவாயோடு திருப்பித் தருவதுதான், களத்துமேட்டு நெல்லை ஒரு தனி ஆங்கிலேயன் அள்ளிப்போக விட்டுவிட்டு, வெறும் கோட்டைச் சாவியை மட்டும் அரசரிடம் கொடுப்பது கட்டளையை நிறைவேற்றியதாகாது.

கவுன்சில் முதலில் இக்கோரிக்கையைத் தன் வரம்புக்கு உட்பட்டதல்ல என்று ஒதுக்கியது. சில வாரங்களிலேயே பெரும்பான்மை நிலைமாறி, பென்ஃபீல்டுக்குச் சாதகமாக நின்றது. இயக்குநர்களின் கட்டளையில் நவாபின் உரிமைகளுக்குக் குந்தகம் வரக்கூடாது என்ற வாசகமும் இருந்ததால், பெரும்பான்மையினர் அதே கட்டளையைத் தங்களுக்கும் ஆதாரமாகக் காட்ட முடிந்தது. ஒரே கடிதத்தின் இரு வரிகளை இரு தரப்பும் பிடித்துக்கொண்டன. பொருளை வைத்துப் பார்த்தால் பிகட்டின் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து. ஆனால் அந்த நியாயத்தை நடத்திச்செல்ல அவர் எடுத்துக்கொண்ட வழி வேறு விஷயம். இத்தனை வாதத்திலும், விதைத்து அறுத்தவர்களின் பங்கான குடிவாரத்தின் மேல் பென்ஃபீல்டின் கடன் எப்படி விழுந்தது என்பதைப் பற்றி இரு தரப்பினருமே அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆகஸ்டின் மூன்று நாட்கள்

சண்டை இப்போது ஆள் அனுப்பும் கேள்வியாக உருமாறியது. தஞ்சாவூரில் யார் இருக்கிறாரோ அவர் கையில்தான் விளைச்சல் இருக்கும். கவர்னர் தம் ஆதரவாளரான கவுன்சிலர் கிளாட் ரஸலை அனுப்ப விரும்பினார். பெரும்பான்மை கர்னல் ஸ்டூவர்ட்டைத் தஞ்சாவூர்ப் படைத்தலைவராக அனுப்ப முடிவு செய்தது. ஸ்டூவர்ட்டுக்குரிய ஆணையை வாக்கெடுப்புக்கு விடவும் அதில் கையொப்பமிடவும் பிகட் மறுத்தார். கவர்னர் அரசின் பிரிக்க முடியாத அங்கம், அவர் இசையாமல் எந்தத் தீர்மானமும் அரசின் செயலாகாது என்பது அவருடைய வாதம். கவுன்சிலின் பெரும்பான்மையே அரசு, கவர்னருக்குத் தடுப்பாணை உரிமை எந்தச் சாசனத்திலும் இல்லை என்பது எதிர்த் தரப்பின் வாதம்.

ஆகஸ்ட் 22 அன்று பெரும்பான்மையினர், கவர்னர் இல்லாமலே ஆணையை வெளியிடத் துணிந்தனர். தஞ்சாவூரில் இருந்த அதிகாரி படைத்தலைமையை ஸ்டூவர்ட்டிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கடிதம் எழுதப்பட்டு மேசையைச் சுற்றி வந்தது. ஜார்ஜ் ஸ்ட்ராட்டனும் ஹென்றி புரூக்கும் கையொப்பமிட்டிருந்த நேரத்தில் பிகட் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு தம்மிடம் முன்னரே எழுதி வைத்திருந்த ஒரு குற்றச்சாட்டை வெளியே எடுத்தார்: கவர்னரின் இசைவின்றி ஆணை பிறப்பித்து அரசைக் கவிழ்க்க முயன்றதாக இவ்விருவர் மீதும் குற்றம். கும்பினியின் நிலையாணைப்படி, குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் மீதான விஷயத்தில் வாக்களிக்க முடியாது. இருவரின் வாக்கு நீங்கியதும் எண்ணிக்கை சமமாயிற்று. தலைவரின் கூடுதல் வாக்கால் இருவரும் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டனர்.

இந்தத் தந்திரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏழு பேர் கொண்ட பெரும்பான்மையில் முதலிருவர் கையெழுத்திடும் வரை காத்திருந்து, மற்றவர்கள் எழுதுவதற்கு முன்பே தாளை எடுத்தது தற்செயல் அன்று. குற்றச்சாட்டு முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது அதற்குச் சான்று. விதியின் எழுத்துக்கு இது முரணாகாது என்று வாதிடலாம். ஆனால் பெரும்பான்மை ஆட்சி என்ற அடிப்படையையே, ஒரு கவர்னர் விரும்பிய நாளில் இரண்டு பேரைக் குற்றவாளியாக்கி அழித்துவிடலாம் என்றால், கவுன்சில் என்பது வெறும் அலங்காரமாகிவிடும். பின்னாளில் லண்டன் நீதிபதிகள் பெரும்பான்மையினருக்குக் காட்டிய இரக்கத்துக்கு இந்தக் காட்சியே காரணம்.

மறுநாள் கூட்டத்துக்குப் பெரும்பான்மையினர் வரவில்லை. நோட்டரி ஒருவர் மூலம் மறுப்புரை ஒன்றை அனுப்பி, தாங்களே சட்டப்படியான அரசு என்றும், படையினர் தங்களுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்றும் அறிவித்தார்கள். பிகட்டின் பக்கம் எஞ்சிய கவுன்சில் அவர்கள் அனைவரையும் இடைநீக்கம் செய்து, படைத்தளபதி சர் ராபர்ட் ஃபிளெட்சரைக் கைதுசெய்து படை நீதிமன்றத்தின் முன் நிறுத்த ஆணையிட்டது. இந்த ஃபிளெட்சர், பத்து ஆண்டுகளுக்கு முன் வங்காளத்தில் படித்தொகைக்காக அதிகாரிகள் செய்த கலகத்தில் தொடர்புபட்டுப் பதவி இழந்து, பிறகு மீண்டும் வேலைக்குத் திரும்பியவர். அவர் நோயுற்றிருந்ததால் படைப் பொறுப்பு ஸ்டூவர்ட்டின் கைக்கு வந்தது. பிகட் ஸ்டூவர்ட்டைத் தம் ஆளாக நினைத்து அருகில் வைத்துக்கொண்டார். ஸ்டூவர்ட் பெரும்பான்மையின் எழுத்தாணையைப் பையில் வைத்துக்கொண்டு அவருடன் உணவருந்தினார்.

கைது ஏன் கோட்டைக்குள் நடக்கவில்லை என்பதற்கும் ஒரு சட்டக் காரணம் உண்டு. கோட்டைக் காவற்படையின் தலைவர் கவர்னர். அந்த எல்லைக்குள் அவர்மேல் கைவைத்தால் அது படைக்கலகச் சட்டத்தின்படி மரண தண்டனைக்குரிய குற்றமாகலாம். எனவே பாலத்தைத் தாண்டிய பிறகுதான் வண்டி மறிக்கப்பட்டது. சட்டத்துக்கு அஞ்சியவர்கள் அதை மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. தங்கள் கழுத்தைக் காத்துக்கொள்ளும் அளவுக்கு அதை நன்றாகப் படித்திருந்தார்கள் என்று மட்டும் சொல்லலாம்.

கைதுக்குப் பின்

ஸ்ட்ராட்டன் கவர்னர் பொறுப்பை ஏற்றார். கல்கத்தாவிலிருந்த தலைமைக் கவுன்சில் புதிய அரசை ஏற்றுக்கொண்டது. பெரும்பான்மை என்ற கொள்கையால் தாமே நொந்திருந்த ஹேஸ்டிங்ஸும் இதற்கு உடன்பட்டது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அவருடைய பதவியும் அதே கொள்கையின் மேல்தான் நின்றது. இந்தியக் கடலில் அரசரின் கடற்படைக்குத் தலைமை வகித்த சர் எட்வர்ட் ஹ்யூஸ், பிகட்டைத் தம் பாதுகாப்பில் விடுமாறு கேட்டார். கவுன்சில் விதித்த நிபந்தனைகளால் அது நடக்கவில்லை. பரங்கிமலையில் காவலில் இருந்த பிகட் உடல்நலம் குன்றித் தோட்ட வீட்டுக்கு மாற்றப்பட்டு, 1777 மே 11 அன்று காலமானார். மரண விசாரணை நடத்திய ஜூரிகள் இதைத் திட்டமிட்ட கொலை என்றே எழுதிவிட்டனர். அந்தக் குற்றச்சாட்டு மேற்கொண்டு நிற்கவில்லை.

லண்டனில் கும்பினிக்குள்ளும் கட்சிகள் பிரிந்தன. இறுதியில் வந்த முடிவு இரண்டு பக்கமும் பார்த்த முடிவு: பிகட்டுக்குப் பதவியைத் திருப்பித் தர வேண்டும், அத்துடன் அவரையும் எதிர்த்தரப்பினரையும் இங்கிலாந்துக்குத் திரும்ப அழைக்க வேண்டும். அந்த ஆணை 1777 ஆகஸ்ட் இறுதியில் சென்னையை அடைந்தபோது, பதவியைப் பெற வேண்டியவர் இறந்து மூன்று மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தன.

பிகட்டின் சகோதரர் அட்மிரல் ஹியூ பிகட் 1779இல் நாடாளுமன்றத்தில் இதை எழுப்ப, ஸ்ட்ராட்டன், புரூக், ஃபிளாயர், மக்கே ஆகிய நால்வர் மீது அரசுத் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். விசாரித்தவர் மான்ஸ்ஃபீல்டு பிரபு. எதிர்த்தரப்பின் முதன்மையான வாதம் அரசியல் இன்றியமையாமை: கவர்னர் அரசமைப்பையே முறித்துவிட்டார், அவரை அகற்றாமல் ஆட்சி நடத்தியிருக்க முடியாது, எனவே செய்தது குற்றமாகாது என்பது. இன்றியமையாமை என்பது சட்டத்துக்கு அறிமுகமானதே என்று மான்ஸ்ஃபீல்டு ஜூரிகளுக்கு விளக்கினார். ஆனால் ஓர் அரசையே மாற்றும் செயலுக்கு அது சாக்காக வேண்டுமென்றால், ஆபத்து உடனடியானதாகவும் மிகக் கடுமையானதாகவும் இருக்க வேண்டும், வேறு பரிகாரம் எதுவும் இருக்கக் கூடாது. லண்டனுக்கு எழுதிக் காத்திருக்கலாம், கல்கத்தாவின் முடிவை நாடலாம் என்ற நிலையில் தஞ்சாவூருக்கு யாரை அனுப்புவது என்ற பூசல் அந்த அளவை எட்டவில்லை. ஜூரிகள் நால்வரையும் குற்றவாளிகள் என்றனர். 1780 பிப்ரவரியில் விதிக்கப்பட்ட தண்டனை, ஆளுக்கு ஆயிரம் பவுன் அபராதம். வாக்குரிமையைப் பறித்த கவர்னரின் செயலும் சட்டமீறலே என்பதைக் கணக்கில் கொண்டே தண்டனை இவ்வளவு இலேசாக அமைந்தது. கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட ஆர்க்காட்டு நவாபின் நாட்டில் அவர்கள் சேர்த்திருந்த செல்வத்துக்கு முன் ஆயிரம் பவுன் ஒரு பொருட்டே அல்ல.

பென்ஃபீல்டு அந்தக் கூண்டில் ஏறவில்லை. 1785இல் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் ஆற்றிய நீண்ட உரையில் அவருடைய பெயர் கடுமையாக அடிபட்டது; கடன் கோரிக்கைகளோ தொடர்ந்து உயிருடன் இருந்தன.

அதிகாரம் திருத்தி எழுதப்பட்ட விதம்

ஸ்டூவர்ட்டின் கதைக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. படை நீதிமன்றத்தில் விடுதலை பெற்று மீண்டும் சென்னைக்கு வந்த அவர், 1781இல் பொள்ளிலூர்ப் போரில் ஒரு காலை இழந்து, பிறகு படைத்தளபதியானார். கவர்னர் மக்கார்ட்னி பிரபுவோடு மோதிய அவரை, 1783 செப்டம்பரில் மக்கார்ட்னி பதவி நீக்கிக் கைதுசெய்து கப்பலேற்றினார். ஸ்டூவர்ட் இதை மறக்கவில்லை. 1786இல் லண்டன் ஹைடு பூங்காவில், ஒற்றைக் காலுடன் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றபடி மக்கார்ட்னியைத் துப்பாக்கிச் சண்டையில் காயப்படுத்தினார். ஏழாண்டு இடைவெளியில் ஒரே நகரில் தளபதி கவர்னரையும், கவர்னர் தளபதியையும் பிடித்த இந்த இரு கைதுகளும் ஆள்களின் குணத்தால் மட்டும் நேர்ந்தவை அல்ல. எந்தக் கை மேலே என்று யாருமே எழுதிவைக்காததால் நேர்ந்தவை.

அதை எழுதும் வேலை மெல்ல நடந்தது. பிரிட்டிஷ் பிரதமர் பிட் கொண்டுவந்த 1784ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், கவுன்சிலை கவர்னரும் மூன்று உறுப்பினர்களும் கொண்டதாகச் சுருக்கியது. அவர்களில் ஒருவர் தன் பக்கம் நின்றாலே கூடுதல் வாக்கைக் கொண்டு கவர்னர் வென்றுவிடலாம். 1786இல், காரன்வாலிஸ் கவர்னர் ஜெனரலாகப் பதவி ஏற்கும் தருவாயில், கவுன்சிலின் பெரும்பான்மையை மீறித் தம் பொறுப்பில் செயல்படும் உரிமை கவர்னர் ஜெனரலுக்குத் தரப்பட்டது. 1793ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் அவ்வுரிமையை சென்னை, பம்பாய் கவர்னர்களுக்கும் உறுதிசெய்தது. ஆனால் மீறுவதற்கு முன் கவர்னரும் உறுப்பினர்களும் தத்தம் காரணங்களை எழுத்தில் பரிமாறிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு விளைவுகளுக்கு கவர்னர் மட்டுமே பொறுப்பு. பிகட் கேட்டது இதைத்தான். அவருக்கு அப்போது சட்டம் தராததை, அவர் இறந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பதவிக்குத் தந்தது. கவனிக்க வேண்டியது, இந்த மாற்றத்தில் கவர்னர் மேல் இருந்த உள்ளூர்க் கட்டுப்பாடு நீங்கியதே தவிர, அவர் ஆண்ட மக்களுக்குப் பதில் சொல்லும் கடமை எதுவும் சேரவில்லை. அவருடைய கணக்கு லண்டனுக்கே.

வழக்கு அத்துடன் பழங்கதையாகிவிடவில்லை. 1954 அக்டோபரில் பாகிஸ்தானின் கவர்னர் ஜெனரல் குலாம் முகம்மது அந்நாட்டின் அரசியல் நிர்ணய சபையைக் கலைத்தார். அதைத் தொடர்ந்து எழுந்த சட்டச் சிக்கலில், 1955இல் தலைமை நீதிபதி முனீர் அரசின் செயல்களுக்கு இடைக்காலச் செல்லுபடி தருவதற்கு நாடிய முன்னுதாரணங்களில் ஒன்று, சென்னைக் கவர்னரைப் பதவியிறக்கியவர்களின் வழக்கில் மான்ஸ்ஃபீல்டு ஜூரிகளுக்கு ஆற்றிய உரை. இன்றியமையாமை என்ற கோட்பாடு அங்கிருந்து தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நீதிமன்றங்களுக்குள் நுழைந்து, ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குச் சட்டப் போர்வையாகப் பயன்பட்டது. மான்ஸ்ஃபீல்டின் உரையிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டவர்களில் பலர், அதற்கு அவர் விதித்த கடும் நிபந்தனைகளையும், அந்த வாதத்தை முன்வைத்த நால்வரும் அந்த வழக்கில் தோற்றே போனார்கள் என்பதையும் அதிகம் பேசவில்லை.